உராய்வற்ற கப்பி

உராய்வற்ற கப்பி, எடையற்ற கயிறு. பிளஸ் டூ இயற்பியல் நடத்திய எனக்குச் சோறு போட்ட சொற்கள் இவை. கரும்பலகையில் முதலில் ஒரு படுக்கைக் கோடு போடுவேன். அதன் மேல் பொடிப்பொடியாகச் சாய்கோடுகள். அதுதான் கூரை. அதிலிருந்து ஒரு வட்டம் தொங்கும், வட்டத்தின் இருபுறமும் கயிறு இறங்கும், ஒரு நுனியில் ‘எம்’ என்று எழுதிய பெட்டி, மறு நுனியில் ஒரு அம்புக்குறி. கயிற்றின் இழுவிசை என்ன என்று கேட்பேன். முடுக்கம் என்ன என்று கேட்பேன். அந்தக் கூரை எவ்வளவு தாங்கும் என்று நானும் கேட்டதில்லை, எந்தப் பையனும் என்னைக் கேட்டதில்லை. சாக்பீஸ் கூரை எதை வேண்டுமானாலும் தாங்கும்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தப் படத்தை இரும்பில் கட்டிப் பார்க்கும் ஆசை எனக்கு வந்தது. சூலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் அப்பா காலத்து ஆயில் என்ஜின் ஒன்று கிடக்கிறது. லிஸ்டர் மாடல். குஜராத்தில் ராஜ்கோட் பட்டறைகள் இந்த வகையை வார்த்து வார்த்து ஊரெல்லாம் அனுப்பின. நிமிஷத்துக்கு 650 சுற்றுதான் வேகம். இரண்டு பக்கமும் ஆளுயரத்தில் பாதிக்கு ஃப்ளைவீல், ஹேண்டில் போட்டுச் சுற்றிவிட்டால் நாலு தோட்டம் தள்ளிக் கேட்கிற ‘டுக் டுக்’. கரண்ட் மோட்டார் வந்ததும் ஓரத்துக்குப் போய்விட்டது. அதைப் பிரித்துக் கழுவி, ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். என் இடுப்போ குனிந்து வேலை பார்க்கிற பருவத்தைத் தாண்டிவிட்டது. என்ஜினை இரண்டடி உயர ஸ்டாண்ட் ஒன்றில் ஏற்றிவிட்டால் நின்றவாக்கிலேயே ஸ்பானர் பிடிக்கலாம். மொத்தத் திட்டமும் இவ்வளவுதான்.

என்ஜின் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். கயிறு போட்டு, கம்பு கொடுத்து, எட்டு ஆள் தோள் கொடுத்தால் பத்து நிமிஷ வேலை. டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தால் கணக்கு முடிந்தது. ஆனால் கப்பித் தத்துவம் நடத்தியவன் ஆள் கூப்பிட்டால் நன்றாகவா இருக்கும்?

கிணற்று மேட்டில் துருவேறிக் கிடந்த ராட்டினத்தை எடுத்து வந்து மண்ணெண்ணெயில் கழுவினேன். மோட்டார் ரூம் கூரை சிமென்ட் ஷீட். ஷீட்டைத் தாங்குவது ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய்கள். நடுக்குழாயில் கம்பியைச் சுற்றி ராட்டினத்தைத் தொங்கவிட்டேன். நேராக என்ஜினைத் தூக்கும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. சோதனைக்கு 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றைக் கட்டினேன். மூட்டை ஏறத்தான் செய்தது. இடுப்பு உயரம் வந்த பிறகுதான் கயிற்றின் மறு நுனியைக் கட்ட ஓர் இடம் வேண்டும் என்று உறைத்தது. படத்தில் அந்த நுனியை அம்புக்குறி பார்த்துக்கொள்ளும். இங்கே அம்புக்குறி நான்.

விட்டால் மூட்டை விழும். விடாவிட்டால் நான் அங்கேயே நிற்க வேண்டும். என் எடைக்கும் மூட்டை எடைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. குதிகால் தரையில் படுவதும் எழும்புவதுமாக இருந்தது. சட்டைப்பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை என்றதும் கூப்பிட்ட மனைவியே நேரில் வந்துவிட்டாள். வாசலில் நின்று ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“ஏனுங்க, மூட்டையை நீங்க தூக்கறீங்களா, மூட்டை உங்களைத் தூக்குதுங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் கூரை பதில் சொல்லிவிட்டது. நடுக்குழாய் மெல்ல வளைந்தது. மேலே ஷீட் ‘படக்’ என்றது. வெகுநாள் தூசியும் ஒரு பல்லியும் என் தலையில் இறங்க, மூட்டை பெருமூச்சு விட்டபடி தரையில் உட்கார்ந்தது.

நிலைக் கப்பியில் விசை மிச்சமாகாது, திசைதான் மாறும். கீழே நின்று இழுத்தால் மேலே இருக்கும் கொக்கி சுமையையும் தாங்க வேண்டும், இழுப்பவனின் இழுவையையும் தாங்க வேண்டும். 50 கிலோ மூட்டைக்குக் கொக்கியில் 100 கிலோ. துருப்பிடித்த அச்சு தின்கிற உராய்வையும் சேர்த்தால் அதற்கு மேலே. ‘இரண்டு டி’ என்று விடைத்தாளில் எழுதாத பிள்ளைகளுக்கு ஈவிரக்கமில்லாமல் ஒரு மார்க் குறைத்த கை இது. தவிர, அந்தக் குழாய்களை ஷீட்டின் எடைக்கும் காற்றுக்கும்தான் போட்டிருக்கிறார்கள். பலத்த காற்றில் இந்த மாதிரிக் கூரை கீழே விழப் பார்ப்பதில்லை, மேலே பறக்கத்தான் பார்க்கும். அதைக் கட்டிப்பிடித்து வைப்பது குழாயின் பாதி வேலை. நான் போய் எதிர்ப்பக்கம் தொங்கியிருக்கிறேன்.

சரி, கூரை வேண்டாம், கர்டர் போடலாம் என்று முடிவு செய்தேன். அன்று ராத்திரி நோட்டுப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தபோது பழைய வீரம் திரும்ப வந்தது. ஐஎஸ்எம்பி 150, மீட்டருக்குச் சுமார் 15 கிலோ. சுவருக்குச் சுவர் 12 அடி. நடுவில் 300 கிலோ தொங்கினால் எவ்வளவு வளையும் என்று சூத்திரத்தில் போட்டேன்: இரண்டு மில்லிமீட்டர். இரும்பின் பலத்தில் சிறு பங்குகூடச் செலவாகவில்லை. மூன்று என்ஜினைத் தொங்கவிட்டாலும் கர்டர் கண்டுகொள்ளாது. அந்தப் பக்கத்தை அடிக்கோடிட்டு, கொத்தனார் வந்ததும் எடுத்துக் காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை.

“கர்டர் நிக்குங் சார். எது மேல வெக்கப் போறீங்க?”

“சுவர் மேலதான்.”

கரண்டியின் நுனியால் செங்கல் இணைப்பில் ஒரு கீறு கீறினார். மண் பொலபொலவென்று அரைப்படிக்குக் கொட்டியது. அந்தக் காலத்து மண் சாந்து. மேலே மட்டும் சிமென்ட் பூசிக் கௌரவமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என் நோட்டில் கர்டரின் இரண்டு முனைகளுக்கும் கீழே நான் வரைந்திருந்தது இரண்டு சின்ன முக்கோணங்கள். அதுதான் கணக்கில் சுவர். அந்த முக்கோணத்துக்குள் மண் இருக்கிறதா, சிமென்ட் இருக்கிறதா என்று எந்தச் சூத்திரமும் கேட்பதில்லை.

சுவரை விட்டுவிட்டு, குழி வெட்டி கான்கிரீட் போட்டு, பேஸ் பிளேட் வைத்து, நாலங்குலக் குழாயில் இரண்டு தூண்கள் நிறுத்தினோம். கர்டரைவிட அதன் கால்களுக்கு அதிகம் செலவானது. தாத்தா கவலை ஓட்டிய கிணற்றில் மாடு போய், வடம் போய், பறியும் போய்விட்டது. உருளை தாங்கிய கல்தூண்கள் இரண்டும் இன்னும் நிற்கின்றன. தினமும் ஆட்டைக் கட்டுவது அதில்தான். அதைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அடுத்து செயின் பிளாக். உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து ஒரு டன் பிளாக் ஒன்றைப் பிடித்தேன். மூன்று மீட்டர் தூக்கும். கடைக்காரர் கைச்சங்கிலியை இழுத்துக் காட்டினார், ‘டிக் டிக் டிக்’ என்று சுத்தமான சத்தம். கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா, பூட்டுத் தகடு மூடுகிறதா, சங்கிலிக் கண்ணிகள் நீண்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்கினேன். இந்த விவகாரம் முழுவதிலும் நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

எண்ணெய் விஷயத்தில் எனக்கு ஒரு பலவீனம் உண்டு. கதவுக் கீல், சைக்கிள் செயின், தையல் மிஷின், மின்விசிறி எது முனகினாலும் எண்ணெய்க் குப்பியோடு ஓடுவேன். செயின் பிளாக்கின் மூடியைக் கழற்றியபோதும் அந்தப் புத்திதான் வேலை செய்தது. பற்சக்கரங்களுக்கு கிரீஸ் வைத்தேன், சரி. சுமைச் சங்கிலிக்கு எண்ணெய் தடவினேன், அதுவும் சரி. பக்கத்தில் இரண்டு வட்டத் தட்டுகள், நடுவில் சாய்ந்த பற்கள் வெட்டிய ஒரு சக்கரம், அதைக் கவ்விக்கொண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு கொண்டி. எல்லாம் எலும்பாக வறண்டு கிடந்தன. பார்க்கவே பாவமாக இருந்தது. தாராளமாக ஊற்றினேன்.

சங்கிலி வெண்ணெயாக ஓடியது. இரண்டு சிமென்ட் மூட்டைகளைச் சேர்த்துக் கட்டி நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினேன். ஒரு மீட்டர் ஏற முப்பது மீட்டருக்குக் குறையாமல் கைச்சங்கிலி இழுக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒற்றைக் கையால் இழுக்கலாம். மனசு நிறைந்தது. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் மூட்டைகள் தரையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

முதல் சந்தேகம் மனைவி மேல். “எனக்கு வேற சோலி இல்லீங்களா?” என்றாள். அடுத்தது ஆடு மேய்க்கிற பையன் மேல். அவன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. மறுபடியும் ஏற்றிவிட்டு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சுவரில் மூட்டையின் அடிமட்டத்துக்கு நேராக ஒரு பென்சில் கோடு கிழித்துவிட்டுக் காத்திருந்தேன். சற்று நேரத்தில் மூட்டை கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. பிறகு இரண்டு விரல். ஒரு டிக் சத்தமும் இல்லை.

செயின் பிளாக் சர்வீஸ் செய்யும் பட்டறைக்காரருக்குப் போன் போட்டு, தானாக இறங்குகிறது என்று மட்டும்தான் சொன்னேன்.

“பிரேக் தட்டுக்கு எண்ணெய் விட்டீங்களா சார்?”

“கொஞ்சமா.”

“கொஞ்சம்னா, தொட்டுத் தடவினீங்களா, ஊத்தினீங்களா?”

நான் பதில் சொல்லாததே அவருக்குப் பதிலாகப் போதுமானதாக இருந்தது.

அந்த வறண்ட தட்டுகள்தான் பிரேக். சுமை கீழே இழுக்க இழுக்க, ஒரு திருகு அந்தத் தட்டுகளை நடுச்சக்கரத்தோடு வைத்து நெருக்கும். சுமை அதிகமானால் பிடியும் அதிகமாகும். நடுச்சக்கரம் பின்னோக்கிச் சுற்றாமல் கொண்டி பிடித்துக்கொள்ளும். ஏற்றும்போது சக்கரமும் சேர்ந்து சுற்றுவதால் கொண்டி ஒவ்வொரு பல்லாகத் தாண்டிக் குதிக்கிறது. அதுதான் அந்த ‘டிக் டிக்’. இறக்கும்போது சக்கரம் அசையாது, தட்டுதான் வழுக்கி இறங்கும், ஆகவே சத்தம் வராது. என் மூட்டைகள் சத்தமில்லாமல் இறங்கியதன் ரகசியம் இதுதான். கொண்டி தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்தது. தட்டைத்தான் நான் வழுக்கவிட்டிருந்தேன்.

இதற்கு வெஸ்டன் பிரேக் என்று பேர். அந்தப் பேரை நான் அதற்கு முன்பே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். வகுப்பில் நடத்திய வேறுபாட்டுக் கப்பிக்கும் அதே பேர்தான், வெஸ்டன் கப்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாமஸ் வெஸ்டன் என்ற ஆங்கிலேயர் செய்தது. ஒரே அச்சில் பெரிதும் சிறிதுமாக இரண்டு சக்கரங்கள், இரண்டின் ஆரத்துக்கும் எவ்வளவு குறைவான வித்தியாசமோ அவ்வளவு அதிகம் தூக்கும். அந்தக் கப்பியில் தனியாக பிரேக்கே கிடையாது. உள்ளே உராய்வு அவ்வளவு அதிகம். கொடுக்கிற உழைப்பில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். அதனால்தான் கையை விட்டாலும் சுமை தானாக இறங்காமல் நிற்கிறது. பரீட்சைக்கு ‘பயனுறுதிறன் குறைவு’ என்று அதைக் குறைபாட்டுப் பட்டியலில் எழுதச் சொல்லிக் கொடுத்தவன் நான். ‘உராய்வைப் புறக்கணிக்கவும்’ என்ற வரியை எத்தனை வினாத்தாளில் சேர்த்தேனோ! கடைசியில் அதை நிஜத்தில் சாதித்தும் காட்டிவிட்டேன்: உராய்வற்ற கப்பி. அது தூக்கும், நிறுத்தி வைக்காது.

பட்டறைக்காரர் லைனிங்கை மாற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது எண்ணெய்க் குப்பி வீட்டில் எங்கே இருக்கும் என்று விசாரித்துவிட்டு, அதை அம்மாவிடம் கொடுத்து வைக்கச் சொன்னார்.

இனி என்ஜினைக் கட்ட வேண்டும். வயர் ரோப்பை வாங்கி, முனையை மடக்கி, யூ கிளாம்ப் போட்டு முடுக்கினேன். வெல்டர் தம்பி வந்து பார்த்து, எல்லாக் கிளாம்பையும் திருப்பிப் போட்டிருக்கிறேன் என்றான். சேணம் போன்ற வார்ப்புப் பகுதி சுமை தாங்கும் ரோப்பின் மேலும், வளைந்த யூ கம்பி வெட்டி மடக்கிய வால் பக்கமும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் கம்பி சுமை ரோப்பையே நசுக்கிவிடும். தெரிந்துகொண்டேன், திருப்பிப் போட்டேன். இதை ஒரு தவறாகவே நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

என்ஜின் கிளம்பியது. தரையை விட்டு அது எழும்பிய கணம் நான் கைதட்டியிருப்பேன், கையில் சங்கிலி இருந்தது. ஓரடி ஏறியது. அப்புறம் சங்கிலி நின்றுவிட்டது. அண்ணாந்து பார்த்தால் கீழ்க்கொக்கி பிளாக்கின் வயிற்றில் போய் முட்டிக்கொண்டிருந்தது. என்ஜினுக்கு அடியில் ஒரு பூனை தாராளமாகப் போய்வரலாம். ஸ்டாண்ட் போகாது.

கர்டரின் அடிமட்டம் எட்டடி. கர்டரில் ஓடும் ட்ராலியும் பிளாக்கும் கொக்கியும் சேர்ந்து ஒன்றே முக்கால் அடி. ரோப் ஒன்றரை அடி. என்ஜின் உயரம் மூன்றே முக்கால் அடி. மிச்சம் ஓரடி. ஸ்டாண்ட் இரண்டடி. ஒன்றாம் வகுப்புக் கழித்தல். இரண்டு மில்லிமீட்டர் வளைவைக் கணக்குப் போட்டவனுக்கு ஓரடி கண்ணில் படவில்லை. கூட்டல் கழித்தல் எல்லாம் நமக்கு எதற்கு என்று நேரே தொகை நுண்கணிதத்துக்குப் போய்விடுகிற வியாதி இது, வாத்தியார்களுக்கு வரும்.

ரோப்பைச் சுருக்கினால் ஓரடி கிடைக்குமே என்றேன். வெல்டர் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. ரோப்பின் இரண்டு காலையும் கையால் விரித்துக் காட்டினான். சுருக்கச் சுருக்கக் கால்கள் அகலும். நடுக்கோணம் 120 டிகிரிக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு காலிலும் பாதி எடை இல்லை, முழு எடையே விழும். அதற்கு மேல் விரித்தால் அதையும் தாண்டும். லாமியின் தேற்றம். பிளஸ் ஒன் பாடம். அந்தப் பையன் அதைப் படித்தானா என்று தெரியாது. “பொட்டுனு போயிருங் சார்” என்று மட்டும் சொன்னான்.

தூணை வெட்டி நீட்டுவதற்கு இன்னொரு கர்டர் விலை ஆகும் என்றான். ஆகவே ஸ்டாண்டின் கால்களை ஓரடிக்கும் கொஞ்சம் கூடுதலாக வெட்டினோம். என்ஜின் அதில் ஏறி அழகாக உட்கார்ந்தது. ஹெட்டைக் கழற்றியாயிற்று. குனிய முடியாது என்பதற்காக ஆரம்பித்த வேலை. இப்போது மணை போட்டுத் தரையில் உட்கார்ந்து ஸ்பானர் பிடிக்கிறேன். எழுந்திருக்கும்போது கைச்சங்கிலியைப் பிடித்துக்கொள்கிறேன். அந்த வகையில் செயின் பிளாக் தினமும் உபயோகமாகிறது. அதில் நான் எழும்போது ஒரு ‘டிக்’ கேட்கும்.

பாக்கி ஒன்று இருக்கிறது. ட்ராலி நிறுத்தின இடத்தில் நிற்பதில்லை. சங்கிலியை இழுக்கிற குலுக்கலில் கொஞ்சம் கொஞ்சமாக வாசல் பக்கம் நகர்கிறது. தூண் நிறுத்திய அன்று மட்டம் பார்க்க டியூப் லெவலின் ஒரு முனையைக் கொத்தனார் பிடித்திருந்தார், மறுமுனையை நான் பிடித்திருந்தேன். தண்ணீருக்கு நடுவே காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். வாசல் பக்கத்துத் தூண் மூன்று அங்குலம் குட்டை. கண்ணுக்குத் தெரியாது, ட்ராலிச் சக்கரத்துக்குத் தெரிகிறது. கர்டரின் கோடியில் ட்ராலி கழன்று விழாமல் இருக்கப் போடும் ஸ்டாப்பர் போல்ட்டையும் நான் மறந்திருந்தேன். அதைத் தம்பி தானாக வந்து போட்டுவிட்டுப் போனான், காசு வாங்கவில்லை.

இப்போதைக்கு ட்ராலியைத் தேங்காய்நார்க் கயிற்றால் பின்னுக்கு இழுத்துக் கட்டி வைத்திருக்கிறேன். போன வாரம் கொத்தனார் அந்த வழியாகப் போனவர் எட்டிப் பார்த்து, கயிற்றின் இன்னொரு முனை எங்கே கட்டியிருக்கிறது என்று கேட்டார். ஜன்னல் கம்பியில் என்றேன். எந்தச் சுவரில் இருக்கிற ஜன்னல் என்று கேட்டார். வீட்டில் பேரப்பிள்ளைகள் சௌக்கியமா என்று நான் விசாரித்தேன்.